நீ கேட்ட போட்டோ

தம்பி,

உறையைக் கிழித்ததும் முதலில் போட்டோவைத்தான் தேடியிருப்பாய். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்திருப்பாய். உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. போட்டோ அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று போனில் சொல்லிவிடலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன் பின்னால் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், குழாயில் தண்ணீர் ஓடும், கார்டில் காசு தீர்ந்துவிடும் என்று நீயும் அவசரப்படுவாய். எனக்கும் அந்த நேரத்தில் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வராது. கம்ப்யூட்டரில் தமிழ் தட்ட நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு மறந்து வெகு நாளாகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, சாவகாசமாக உட்கார்ந்து படி.

போன மாதம் கல்யாணச் செய்தி சொன்னாய். பிப்ரவரியில் உனக்கும் சோஃபிக்கும் உங்கள் ஊர் மேரியில், அதுதான் முனிசிபாலிட்டி ஆபீஸில், கையெழுத்து, அதன் பிறகு அவளுடைய அப்பா அம்மா வீட்டில் சாப்பாடு. நம் கடற்கரை ரோட்டு மேரி மாதிரி பெரிய கட்டடமா என்று கேட்டேன். "அதுல பாதி இருக்கும்மா" என்றாய். பிறகு நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அம்மா, பிப்ரவரில இங்க குளிரு நீ தாங்க மாட்ட. உன் முட்டிக்கு ஆவாது. நீ அலைய வேணாம். ஆகஸ்ட்ல நாங்களே வந்து அங்க ஒரு ரிசெப்ஷன் வச்சிக்கலாம். ஒரு நல்ல போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு. அப்பா போட்டோவையும் உன் போட்டோவையும் மேசை மேல வைக்கறோம். ரெண்டு பேரும் அங்க இருக்கற மாதிரியே இருக்கும்." நான் "சரிடா" என்றேன். யோசிக்காமல் சட்டென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாரம் மார்க்கெட் பக்கம் இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனேன். நீலத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து, ஒருவர் வந்து என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், "சிரிங்கம்மா" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. சர்வீஸ் முழுக்க கோரிமேட்டு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் ஊரார் மோவாயைப் பிடித்துத் திருப்பியவள் நான். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து நின்ற ஜனங்களை "மூச்ச இழு, நிறுத்து, ஆடாத" என்று அதட்டியவள். ஒருத்தரையும் சிரிக்கச் சொன்னதில்லை. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ விட்டுவிட்டுப் போன டிஜிட்டல் கேமராவில் நானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதனோடு வந்த லென்ஸின் கதை உனக்குத் தெரியும். நம் கடல் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. தானாக ஃபோகஸ் செய்கிறேன் பேர்வழி என்று கொர்ர் கொர்ர் என்று முன்னும் பின்னும் ஓடி, ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் நீ அந்த வளையத்தை அனுப்பினாய், அதைப் போட்டால் அப்பாவுடைய பழைய லென்ஸ் இந்தக் கேமராவில் உட்காரும் என்று. உட்கார்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் நம் தெருக்கோடியில் இருந்தாரே, அவர் பிள்ளைகள் சாமான்களை விற்றுவிட்டு பாரிசுக்குக் கிளம்பியபோது அப்பா அவருடைய ரஷ்ய கேமராவை இந்த லென்ஸோடு வாங்கினார். கேமரா எப்போதோ செத்துப்போனது. லென்ஸ் மட்டும் இரும்புக் குண்டு மாதிரி அப்படியே இருக்கிறது.

இந்த லென்ஸ் தன் முகத்தில் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. லென்ஸின் எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு சைபரைக் காட்டும். எதுவும் தானாக நடக்காது. முகம் தெளிய வேண்டுமென்றால் லென்ஸின் மேல் இருக்கிற வளையத்தை நான்தான் திருக வேண்டும், வெளிச்சத்துக்கு இன்னொரு வளையம். முழுக்கத் திறந்து வைத்தால் தெளிவெல்லாம் நாலு விரல் அகலத்துக்குத்தான், கண்ணுக்குப் பிடித்தால் காது போச்சு. மூடினால் தெளிவு கூடும், ஆனால் பார்க்கிற ஜன்னல் இருட்டிவிடும். பழைய கேமராவில் நடுவில் ஒரு வட்டம் இருந்தது, அதில் முகம் இரண்டாகப் பிளந்து தெரியும், திருகத் திருக ஒட்டிக்கொள்ளும். இதில் அந்த வட்டமும் கிடையாது. இதுதானா, இன்னும் கொஞ்சமா என்று என் கண்ணைத்தான் நம்ப வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு, புது லென்ஸ் அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய். வேண்டாம். என் கை பட்டால் மட்டுமே நடக்கிற வேலை ஒன்று இந்த வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவுமில்லாமல், ஒரு முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க எனக்கு வேறு சாக்கு கிடையாது.

நீ போன பிறகு காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரை ரோட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நடந்து வருகிறவர்களை இந்த லென்ஸால் துரத்திப் பிடிக்க முடியாது. திருகி முடிப்பதற்குள் ஆள் தாண்டிப் போயிருப்பார். அதனால் நடைபாதையில் ஒரு கல்லைப் பார்த்து அதற்குத் திருகி வைத்துக்கொள்வேன். யாராவது அந்தக் கல்லுக்கு வந்து சேரும் வரை காத்திருப்பேன். காத்திருக்க எனக்கு நேரத்துக்கா பஞ்சம்? புருஷன் வேகமாக முன்னால் நடக்க, பெண்டாட்டி நாலடி பின்னால் வருகிற ஜோடிகள்தான் அதிகம். ஒரு நாள் ஒரு பெண் சரியாக என் கல்லின் மேல் வந்து நின்று செருப்பு வாரை மாட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, "ஊரு சுத்திப் பாக்க வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இந்த ஊருதான், சாரம்" என்றேன். பால்காரரை விட்டால் அன்றைக்கு நான் பேசியது அவளிடம் மட்டும்தான்.

தனியாகத்தான் இருக்கிறேன், தம்பி. போனில் நல்லாத்தான் இருக்கேன் என்கிறேனே, அது பாதி உண்மை. உடம்பு நன்றாக இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு வீடு நன்றாக இல்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் வேலை செய்கிறேன், கூடத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. இதையெல்லாம் உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

அப்பா போட்டோ உன்னிடம் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறோமே, அதன் பிரதி. அது ஸ்டுடியோவில் எடுத்தது என்று நீ சோஃபியிடம் சொல்லியிருக்கிறாய். இல்லை. அது நான் எடுத்தது, இதே லென்ஸில். பொட்டானிக்கல் கார்டனில், சின்ன ரயிலில் இன்னொரு தரம் ஏற வேண்டும் என்று நீ மண்ணில் புரண்டு அழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, எனக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். பெண்டாட்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் என்று கேலி செய்வார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, கேமராவை என் கையில் கொடுத்து, "இந்தா, நீயுந்தான் டெய்லி ஆளுங்கள படம் புடிக்கற. என்னை ஒண்ணு எடு பாக்கலாம். எலும்பு தெரியாம எடு" என்றார். நான் திருகினேன், திருகினேன், அவர் சிரிப்பு ஆறிப்போகும் வரை திருகினேன். கழுவி வந்த படத்தில் இடது காது அவ்வளவு துல்லியம். கண் கொஞ்சம் மங்கல். "நீ என்னைக் கட்டிக்கினியா, என் காதைக் கட்டிக்கினியா?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பெரிதாக்கி மாட்டப் படம் தேடினோம், அவர் தனியாக இருப்பது அது ஒன்றுதான் அகப்பட்டது. சில நாள் அந்தக் காதோடு நான் பேசுகிறேன். சிரிக்காதே.

என்னை நானே எடுக்கப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. புது லென்ஸாக இருந்தால் தெருவில் போகிற யார் கையிலாவது கொடுத்து அமுக்கச் சொல்லலாம், முகத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இதில் டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் உட்காரலாம்தான், ஆனால் எதற்குத் திருகி வைப்பது? நாற்காலியில் நான் உட்கார்ந்தால் கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நான் நின்றால் நாற்காலியில் ஆள் இல்லை. முதலில் துடைப்பத்தை நாற்காலியில் சாய்த்து அதற்குத் திருகினேன். வளையம் நகராமல் பிளாஸ்டர் ஒட்டி, பட்டனை அமுக்கிவிட்டு ஓடி, துடைப்பத்தைத் தூக்கி எறிந்து உட்கார்வதற்குள் கேமரா கிளிக் என்றது. படத்தில் ஒருத்தி துடைப்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாள் அரிசி டப்பாவை நாற்காலியில் ஏற்றி, அதன் மேல் சொம்பைக் கவிழ்த்து, சொம்புக்கு என் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டினேன். சொம்பு பிரமாதமாக வந்தது. பிளாஸ்டர் ஒட்டும்போது வளையம் நகர்ந்துவிட்டதோ என்னவோ, நான் உட்கார்ந்த படத்தில் பின்னாலிருந்த காலண்டரில் ராகு காலம் படிக்கலாம், முன்னால் நான் ஆவி மாதிரி இருந்தேன்.

இப்படியே நாட்கள் போயின. ஒரு சாயங்காலம் சொம்புக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கொடுக்க வீட்டில் ஒரு ஆள் இல்லை. அப்பா போன சமயத்தில்கூட எனக்கு இப்படித் தோன்றியதில்லை. அப்போது நீ இருந்தாய்.

பக்கத்து வீட்டு வசந்தாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு முதலியார்பேட்டையிலிருந்து குடிவந்தவள், ஜாக்கெட் தைக்கிறாள். வயதில் எனக்குத் தங்கை, வாயில் எனக்கு அக்கா. அன்றைக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள், "என்னாக்கா, சொம்புக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன். அவள் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இந்த லென்ஸின் வளையத்தில் தூரம் மீட்டர் கணக்கில் பொறித்திருக்கிறது. அளந்து, அந்த எண்ணுக்குத் திருகி வைத்துவிட்டால் சொம்பும் வேண்டாம், துடைப்பமும் வேண்டாம். எக்ஸ்ரே குழாய்க்கும் ஃபிலிமுக்கும் தூரம் அளந்து அளந்து காலம் தள்ளியவளுக்கு இது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கேமராவை அடுப்படி வாசலில் ஸ்டூல் மேல் வைத்தோம். நான் நாற்காலியில் உட்கார, வசந்தா டேப்பின் பின்பக்கத்து சென்டிமீட்டரைப் பார்த்து அளந்தாள். டேப் நீளம் போதவில்லை, நடுவில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். "கண்ணுலேந்தா, மூக்குலேந்தாக்கா?"

"கண்ணுலேந்து. குத்திப்புடாத."

"ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கறப்ப எவளும் இம்மாம் நேரம் ஆடாம இருந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே போய், நான் சொன்ன எண்ணுக்கு வளையத்தைத் திருகினாள். பிறகு பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள், "எதுக்குக்கா இம்மாம் பாடு? வெளிநாட்டுல மாப்ள கீப்ள பாத்துட்டானா உம் புள்ள உனக்கு?"

"அவனுக்குத்தான்டி கல்யாணம். பிப்ரவரில, அங்கயே. மேசை மேல வைக்கறதுக்கு என் போட்டோ கேட்டான். அவங்கப்பா படமும் என் படமும்."

வசந்தா விரலை எடுத்துவிட்டாள். "நீ போவலயா?"

"குளிரு தாங்க மாட்டேன்னு சொன்னான்."

"ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துலயா?"

"ஆமா."

"கண்ணாடி ஃபிரேம் போட்டா?"

"போட்டுத்தான் வைப்பாங்க. பூவும் வைப்பாங்களா இருக்கும். அந்த ஊர்ல சாப்பாட்டு மேசைன்னா பூ வைக்கறாங்க."

"அய்ய, என்னாக்கா நீ! உசுரோட இருக்கறவ படத்த எந்தக் கல்யாணத்துலக்கா வச்சிப் பாத்திருக்க? ஃபிரேம் போட்டு, பூவ வேற வச்சி, போய்ச் சேந்த அண்ணன் பக்கத்துல உன்னை நிறுத்திட்டா பாக்கறவங்க என்னா நெனப்பாங்க? பையனுக்கு ஆத்தா அப்பன் ரெண்டு பேரும் இல்ல போலருக்கு, பாவம்னு நெனப்பாங்க." சொல்லிவிட்டு, மறந்துபோன வேலை நினைவுக்கு வந்த மாதிரி பட்டனை அமுக்கிவிட்டாள்.

எனக்கு அது வரை உறைக்கவே இல்லை, தம்பி. உனக்கும் உறைத்திருக்காது என்று தெரியும். உறைத்திருந்தால் கேட்டிருக்கமாட்டாய். நம் வீட்டுக் கல்யாணங்களில் மேடைப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, படம் வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி வைப்பார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அதைத்தான் விழுந்து கும்பிடுவார்கள். அப்பாவுக்கு அப்படிச் செய்வது முறை. அவர் பக்கத்தில் நான் எதற்கு? சடங்கிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அப்பா போனபோது பொட்டை எடுக்கச் சொன்ன உன் பெரியம்மாவை நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியும். சோஃபி வீட்டாருக்கு நம் வழக்கம் தெரியாது, அவர்கள் அப்படியெல்லாம் நினைக்கமாட்டார்கள் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் போன பிறகு எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ அந்த மேசையைத் தாண்டித் தாண்டிப் போவாய். நம் வழக்கம் உனக்குத் தெரியும்.

அன்றைக்கு எடுத்த படம் நன்றாகவே வந்திருக்கிறது. கண் இரண்டும் அத்தனை தெளிவு. பிரவுசிங் சென்டரில் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். எதையோ காதில் வாங்கிவிட்டு இன்னும் பதில் சொல்லாத ஒருத்தி அதில் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் கோபமாக இருக்கிறாள், நிறைய வருத்தமாக இருக்கிறாள். உன் கல்யாணச் சாப்பாட்டு மேசையில் அந்த முகம் வேண்டாம்.

வசந்தா மறுநாளும் விடவில்லை. "சரி, உன்ன முறையா அழைச்சானா?" என்று கேட்டாள். "பெத்தவள யாருடி அழைப்பா? நாமதான ஊரை அழைக்கணும்" என்று சிரித்து மழுப்பினேன். உண்மையும் அதுதான். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு, அப்புறம் ஊருக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் நிற்க வேண்டியவள் மாப்பிள்ளையின் அம்மா. அவளுக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை, அவள் இல்லாமல் கல்யாணம் இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அதனால் நீ என்னை அழைக்கவில்லை என்பது உனக்கே தெரிந்திருக்காது. எனக்கும் வசந்தா கேட்ட பிறகுதான் தெரிந்தது.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். கோபம் இருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் எக்ஸ்ரே ரூம் வாசலில் அடுத்த பெயரைப் படித்துக் கூப்பிடுகிறேன், உன் அப்பா பெயர். யாரோ அதே பெயர்க்காரர் என்று நிமிர்ந்தால், சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவரே நிற்கிறார். நெஞ்சில் பிடிக்கிறது என்று தனியாக பஸ் ஏறி வந்து, ஓ.பி.யில் சீட்டு வாங்கி, வில்லியனூர்க்காரர்களோடும் திண்டிவனத்துக்காரர்களோடும் பெஞ்சில் உட்கார்ந்து, வரிசைப்படி என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறார். காலையில் ஒரே வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள் நாங்கள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "ட்யூட்டில இருப்ப. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்" என்றார். ரூமில் இன்னும் நாலு பேர் நின்றார்கள், சண்டை போட முடியவில்லை. அவர் தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து அழுத்தி, "மூச்ச இழு, நிறுத்து" என்று மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அதன் பிறகு அவர் சில வருஷம் இருந்தார். எனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கடைசி வரை எதையாவது மறைத்துக்கொண்டேதான் இருந்தார். அது எனக்கு எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு வாய்க்கவில்லை.

நீ அவர் பிள்ளை. எனக்குக் குளிரும் என்று எனக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாய். கல்யாணமாகப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாமே. இந்த லென்ஸை வைத்து இரண்டு பேரும் ஒரே தூரத்தில் நின்றால்தான் இரண்டு முகமும் தெளியும், அது இது என்று அழகாகச் சொல்லலாம். சொல்லமாட்டேன், எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். சோஃபிக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நீயாக நினைத்துக்கொண்டு எதையும் அவளை விட்டுவிட்டுச் செய்யாதே. அவளைக் கேள். அவள் முடியாது என்று சொல்லட்டும், அது அவள் வாயிலிருந்து வரட்டும். போனில் அவள் "அம்மா, சாப்டீங்களா?" என்று நீ சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பதில் புரியாமல் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் முகத்தை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆகவே நான் சொன்ன 'சரிடா'வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ எடுத்து வைக்கச் சொன்ன பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. விசாவுக்கு பிரெஞ்சு கான்சுலாவில் போய் விசாரித்தேன். அங்கே இருக்கிற பிள்ளை ஒரு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், அதற்கு அவன் ஊர் மேரியில் முத்திரை வாங்க வேண்டும் என்றார்கள். அந்தக் காகிதம் மெதுவாக வரட்டும். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை, கடற்கரை ரோட்டில் நின்று நின்று அது இரும்பாகிவிட்டது. வேறு காரணம் இருந்தால் அதைச் சொல். அவர்கள் வீடு சின்னது, எனக்குப் பிரெஞ்சு வராது, நான் யார் பக்கத்தில் உட்கார்வது என்று உனக்குச் சங்கடம். இப்படி எதுவானாலும் சொல், தாங்கிக்கொள்வேன். குளிரை மட்டும் சொல்லாதே.

காரணம் ஒன்றும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடு. 'அம்மா, என் கல்யாணத்துக்கு வா' என்று வாயைத் திறந்து ஒரு தடவை சொல். வருவதா, வேண்டாமா என்பதை நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கௌரவமாக எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். உன்னிடம் எனக்கு என்ன கௌரவம்? நீ கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

அம்மா